ஏரல்: ஊர் நிர்வாகமும் பொதுச் சுகாதாரமும்

தாமிரபரணி கடலைச் சேர்வதற்குச் சற்று முன்னால், தூத்துக்குடி மாவட்டத்தில் அமைந்த ஆற்றங்கரைப் பேரூராட்சி ஏரல். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. நெல்லும் வாழையும் விளையும் நஞ்சை ஊர்களுக்கும், மழையை நம்பிய புஞ்சை ஊர்களுக்கும் பொதுவான கடைத்தெருவாக வளர்ந்தது. தன்னை நிர்வகித்த தலைவரையே தெய்வமாக்கி, பதவிப் பெயரோடு வணங்கும் ஊர் என்பதால் உள்ளாட்சி வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு.

ஆறு சோறு போட்டது. நோயையும் அதுவே கொண்டுவந்தது. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராய ஆங்கில அரசு மருத்துவர் குழு ஒன்றை அமைத்தது. அதற்குப் பிந்தைய தலைமுறைகளைக் காலரா வாட்டியது. ஊர்க்காரர்கள் அதை வாந்திபேதி என்றார்கள்; அம்மனுக்குக் கொடை கொடுத்தார்கள். ஸ்ரீவைகுண்டம் அணை கட்டிப் பாசனத்தைப் பெருக்கிய அரசு, குடிதண்ணீரைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை. வரி நெல்லிலிருந்துதானே வந்தது! மேல்நாட்டு மருத்துவம் இப்பகுதிக்குப் பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன் வழியாகவே வந்தது. அண்டை ஊரான நாசரேத்தில் 1876-இல் வந்து தங்கிய மிஷனரி மார்காசிஸ் ஐயர், தாது வருஷப் பஞ்சத்தில் தொடங்கி 1908-இல் இறக்கும்வரை மருத்துவமும் கல்வியும் தொழிற்பயிற்சியும் தந்தார்.

1884-ஆம் ஆண்டின் சென்னை உள்ளாட்சிச் சட்டம் மாவட்ட போர்டு, தாலுகா போர்டு, அவற்றின் கீழ் யூனியன் என்று மூன்று அடுக்குகளை உண்டாக்கியது. யூனியனின் வேலைகள் சிறியவை: வீட்டு வரி வசூலிப்பது, தெருவில் விளக்கேற்றுவது, சாக்கடையையும் குளத்தையும் கிணற்றையும் சுத்தமாக வைப்பது. அதிகாரம் குறைவு, பணம் அதைவிடக் குறைவு. ஆனாலும் காலராவைத் தடுக்கும் வேலை உண்மையில் இந்தக் கடைசி அடுக்கில்தான் இருந்தது.

அப்படிப்பட்ட யூனியன் ஒன்றின் தலைவராக, அதாவது ஏரலின் சேர்மனாகத்தான் 1906 செப்டம்பரில் அருணாசலம் வந்தார். கோயில் வரலாற்றின்படி அவர் 1880-இல் திருச்செந்தூர்ப் பக்கத்து மேலப்புதுக்குடியில் பிறந்தவர், திருமணம் செய்யாதவர், இளவயதிலேயே ஆன்மிக நாட்டம் கொண்டவர், வழக்குகளில் நேர்மையாகத் தீர்ப்புச் சொன்னவர். இரண்டு ஆண்டுகூட நிறையாத பதவிக்காலம் அது. 1908 ஜூலை 28, ஆடி அமாவாசை நண்பகலில் தாம் மறையப்போவதை முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே மறைந்தார் என்பது ஊர் நம்பிக்கை. ஆற்றங்கரையில் அடக்கம் செய்த இடம் சேர்மன் அருணாசல சுவாமி கோயில் ஆயிற்று. அங்கே தரும் மண்ணும் தண்ணீரும் பிணி தீர்க்கும் என்று பக்தர்கள் கொண்டுபோகிறார்கள். மண்ணையும் தண்ணீரையும் அசுத்தமாகாமல் காப்பதே அன்றைய யூனியன் தலைவரின் சட்டப்படியான கடமை என்பதை நினைத்தால், இந்த வழிபாட்டை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட மனம் வருவதில்லை.

அதிகாரத்தில் இருந்தவரை வணங்குவது இச்சீமைக்குப் புதிதுமல்ல. 1809-இல் திருவிதாங்கூர்க் கோட்டை எல்லைப் போரில் காயம்பட்டு இறந்த போல் என்ற ஆங்கிலேயக் கேப்டனின் கல்லறையில் மக்கள் சாராயமும் சுருட்டும் படைத்ததை மிஷனரி கால்டுவெல் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அது அகால மரணத்தின் அச்சத்தில் எழுந்த படையல். சேர்மனுக்குச் செய்வது அன்பில் எழுந்தது.

பொதுச் சுகாதாரம் அரசின் முறையான பொறுப்பாக மாறியது சேர்மன் காலத்துக்குப் பிறகுதான். 1920-களில் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத் துறையும் மாவட்ட சுகாதார அதிகாரிகளும் வந்தார்கள். 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது; இந்தியாவில் இத்துறைக்கென வந்த முதல் விரிவான சட்டம் அதுவே. ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத்தையும் அறநிலையங்களையும் சேர்த்தே கவனித்தவர் டாக்டர் தி.சே.சௌ. ராஜன். திருவிழாக் கூட்டங்களுக்குக் குடிநீர், கழிப்பிடம், நோய்த்தடுப்பு ஆகியவற்றை ஏற்பாடு செய்வதற்கென்றே அச்சட்டத்தில் தனிப் பகுதி உண்டு. ஏரலுக்கு இது ஏட்டுச் சட்டமல்ல. ஆடி, தை அமாவாசைகளில் ஆற்றில் நீராட வரும் கூட்டத்தைச் சமாளிப்பது இன்றும் பேரூராட்சிக்குப் பெரும்பாடு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை இந்த நிர்வாகத்தைச் சோதித்தது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு ஏரல் கடைவீதிக்குள் புகுந்தது. ஆற்றுப் பாலத்தின் இணைப்புச் சாலை அறுந்தது. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் ஊர் தனித்தீவாகியது. உணவுப் பொட்டலங்கள் ஹெலிகாப்டரில் வந்தன. வெள்ளம் வடிந்தபின் சேற்றையும் அழுகிய சரக்கையும் அள்ளவும், குடிநீரில் குளோரின் கலக்கவும், மருத்துவ முகாம் நடத்தவும் வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்ட பகுதிகளுக்குப் பிற மாவட்டங்களிலிருந்தும் தூய்மைப் பணியாளர்கள் அனுப்பப்பட்டார்கள்.