ஜான் டோர்: பந்தயமும் வாக்குச்சீட்டும்

1987-ல் கிளெய்னர் பெர்கின்ஸ் முதலீட்டு நிறுவனத்தின் பங்குதாரர்கள் முன்னால் வந்து நின்றார் ஜெர்ரி கப்லான். கையில் திட்ட அறிக்கை இல்லை. மாதிரிக் கருவியும் இல்லை. கொண்டுவந்திருந்த தோல் ஃபைலைத் தூக்கி மேஜை மேல் போட்டார். அடுத்த தலைமுறைக் கம்ப்யூட்டர் இந்த அளவில், இந்த எடையில்தான் இருக்கும், பேனாவால் அதன் திரையில் எழுதலாம் என்றார். அவர் பேசியது பிடித்துப்போய்ப் பணம் போட முன்வந்தவர்களில் ஜான் டோர் முக்கியமானவர்.

செயின்ட் லூயிஸில் 1951-ல் பிறந்த டோர், ரைஸ் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்தவர். 1974-ல் இன்டெல்லில் வேலைக்குச் சேர்ந்து, அதன் தலைவர்களில் ஒருவரான ஆண்டி குரோவிடம் வேலை நுணுக்கம் கற்றார். 1980-ல் கிளெய்னர் பெர்கின்ஸுக்கு வந்தார். சந்தை உருவாவதற்கு முன்பே பணத்தை இறக்கிவிடுவது அவர் வழி. கப்லான் தொடங்கிய 'கோ' நிறுவனத்திலும் அதைத்தான் செய்தார்.

'கோ' பிழைக்கவில்லை. கையெழுத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் மென்பொருள் அன்றைக்குப் பக்குவப்படவில்லை. சிப்புகள் மெதுவானவை, பேட்டரிகள் கனமானவை. மைக்ரோசாஃப்ட்டும் பேனா கம்ப்யூட்டருக்கென விண்டோஸைக் கொண்டுவந்தது. ஏடி அண்டு டி கைக்குப் போன 'கோ', 1994-ல் மூடப்பட்டபோது சுமார் 7.5 கோடி டாலர் கரைந்திருந்தது.

பணம் போனாலும் ஆட்கள் மிஞ்சினார்கள். 1991-ல் 'கோ'வின் தலைவராக வந்த பில் கேம்ப்பெல், கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்து நிர்வாகத்துக்கு வந்தவர். 'கோ' சரிந்த பிறகு அவரை இன்ட்யூட் நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தவர் டோர். 2001-ல் கூகுளுக்கு எரிக் ஷ்மிட் தலைமை ஏற்றபோது, அவருக்கு ஆலோசகராக அதே கேம்ப்பெல்லைக் கொண்டுபோய் நிறுத்தியவரும் டோர்தான். தோல்வி அடைந்த நிறுவனத்தின் தலைவரைத் தன் மிகப் பெரிய முதலீட்டுக்கு வழிகாட்டியாக்க எத்தனை முதலீட்டாளர்களுக்கு மனம் வரும்? டோரின் வாழ்க்கையில் வியக்கத்தக்க முடிவு இதுதான் என்பேன்.

கூகுள் கதை ஊரறிந்தது. 1999-ல் கிளெய்னர் பெர்கின்ஸும் செகோயா என்ற இன்னொரு முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 2.5 கோடி டாலர் கொடுத்தன. அதற்கு முன்பே கூகுளில் பணம் போட்டவர்களில் ஒருவர், சென்னையில் படித்த ராம் ஸ்ரீராம். பணத்தோடு, குரோவிடம் கற்ற இலக்கு நிர்ணய முறையையும் டோர் கூகுளுக்குக் கொண்டுவந்தார். நெட்ஸ்கேப்பும் அமேசானும் அவர் கை வைத்து வளர்ந்தவையே.

ஆனாலும் அவர் கணிப்பு பலமுறை பொய்த்தது. இரண்டு சக்கரத்தில் நின்றபடியே போகும் செக்வே வண்டி 2001 டிசம்பரில் வெளியானபோது, மிக வேகமாக 100 கோடி டாலர் விற்பனையைத் தொடும் நிறுவனம் இதுதான் என்று அவர் எதிர்பார்த்தார். விலை ஏறக்குறைய 5,000 டாலர். அதை நடைபாதையில் ஓட்டுவதா, சாலையில் ஓட்டுவதா என்று நகரங்கள் குழம்பின. சான் ஃபிரான்சிஸ்கோ நடைபாதையில் ஓட்டத் தடையே போட்டது. 2020-ல் அதன் உற்பத்தி நின்றபோது, மொத்தமாக விற்றிருந்தது சுமார் 1,40,000 வண்டிகள்.

பசுமைத் தொழில்நுட்பத்தில் அடி இன்னும் பலமாக விழுந்தது. பருவநிலைச் சிக்கலை உருவாக்கியது உங்கள் தலைமுறை, நீங்களே சரிசெய்யுங்கள் என்று தன் 15 வயது மகள் சொன்னதை 2007-ல் டெட் மேடையில் சொல்லும்போது டோர் கண் கலங்கினார். அடுத்த சில ஆண்டுகள் சூரிய மின்தகடு, மின்சாரக் கார் என்று பணம் பாய்ந்தது. மியாசோலே சூரியத் தகடு நிறுவனம் அடிமாட்டு விலைக்குப் போனது. ஃபிஸ்கர் கார் நிறுவனம் 2013-ல் திவாலானது. தாக்குப்பிடித்த ஒன்று, திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர்.ஸ்ரீதர் தொடங்கிய புளூம் எனர்ஜி. 2018-ல் அது நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தது.

ஒரு கருவி வெற்றி பெற, அரசின் விதியும் வழிவிட வேண்டும். டோர் இதைப் புரிந்துகொண்டவர். தொழில்நுட்பத் துறைக்காக அரசியலில் குரல்கொடுக்க 1997-ல் தொடங்கிய டெக்நெட் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர்; 2006-ல் கலிஃபோர்னியாவின் பருவநிலைச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டினார். 2009-ல் ஒபாமா அமைத்த பொருளாதார மீட்பு ஆலோசனைக் குழுவில், பால் வோல்க்கர் தலைமையில் உறுப்பினராக இருந்தார்.

ஆயினும் அவர் பொதுப்பணியில் நான் முதலில் வைப்பது 2000-ம் ஆண்டு வேலையை. கலிஃபோர்னியாவில் பள்ளிக் கட்டடத்துக்கு உள்ளூர்க் கடன் பத்திரம் வெளியிட வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் வேண்டும் என்பது அன்றைய விதி. ஊரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 'சரி' என்றாலும் ஓட்டைக் கூரை ஓட்டையாகவே கிடக்கும். இதைச் சாதாரணப் பெரும்பான்மையாக்கும் யோசனையை அந்த மார்ச்சில் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். நவம்பரில் 55 சதவிகிதம் என்ற நடுவழியோடு முன்மொழிவு 39 வாக்கெடுப்புக்கு வந்தது. திட்டப் பட்டியல், ஆண்டுத் தணிக்கை, மக்கள் கண்காணிப்புக் குழு ஆகியவையும் அதில் கட்டாயம். டோரும் அவர் மனைவியும் அதன் பிரசாரத்துக்குக் கோடிக்கணக்கில் கொடுத்தார்கள்.

அதே வாக்குச்சீட்டில் இன்னொரு முதலீட்டாளரான டிம் டிரேப்பரின் முன்மொழிவு 38-ம் இருந்தது. தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அரசு குறைந்தது 4,000 டாலர் தர வேண்டும் என்பது அது. டிரேப்பர் 2 கோடி டாலருக்கு மேல் செலவழித்தும் சுமார் 70 சதவிகிதம் பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். முன்மொழிவு 39 சுமார் 53 சதவிகித வாக்கில் வென்றது.

செல்வந்தர்கள் பணம் கொடுத்து விதிகளை மாற்றுவதை நாம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஆனால், இந்த விதியால் பலன் பெற்றவை அரசுப் பள்ளிகள். செலவைக் கேள்வி கேட்கும் அதிகாரம் பெற்றவர்கள் ஊர் மக்கள். கலிஃபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டம் வகுப்பறை கட்டக் கடன் திரட்ட இன்றும் 55 சதவிகித வாக்கு போதும்.