கத்தியும் வேரும்: மலையகத் தேயிலைச் செடியைப் பேணிய வரலாறு

தேயிலை இயல்பில் ஒரு சிறு மரம். அழகுக்காக வளர்க்கப்படும் கமேலியாவின் இனம். ஆண்டு முழுவதும் பசுமை மாறாதது. வெட்டாமல் விட்டால் பல மீற்றர் உயர்ந்து, வெள்ளைப் பூ பூத்துக் காய் காய்க்கும். தோட்டத்தில் அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது கத்தியும் கொழுந்து கிள்ளும் விரல்களுமே. பூவும் காயும் மிகுந்து கொழுந்து அருகிய செடி, தளர்ந்த செடி அல்லது கவனிப்பாரற்ற செடி என்பது தோட்டத்தார் அறிந்த அடையாளம். அதை வெட்டி மீண்டும் துளிர்க்க வைக்கும் வேலைக்கு மலையகத்தில் கவ்வாத்து என்று பெயர்.

மீட்க முடியாமல் போன செடி ஒன்றின் இடத்திலேயே இலங்கையில் தேயிலை வந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் காணப்பட்டது. 1880இல் அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர், அது காற்றில் பரவும் பூஞ்சணம் என்றும், மலைகள் முழுவதும் இடைவெளியின்றி ஒரே பயிர் நின்றதே அதன் பரவலுக்கு வழிவிட்டது என்றும் விளக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இலை உதிர்ந்து உதிர்ந்து வேர் வற்றிய கோப்பி, 1880களில் பெருந்தொழிலாக நில்லாது மறைந்தது.

தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தக் காலி நிலங்களை நிரப்பியது. ஆனால் பல இடங்களில் அது நடப்பட்டது ஏற்கெனவே கோப்பி விளைந்து சத்துக் குறைந்த மண்ணில். விதையிலிருந்து வளர்ந்த செடிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்கவில்லை. நிரைகள் சரிவில் மேலிருந்து கீழாக ஓடின. சுரண்டியால் ஒரு புல்லும் விடாமல் களை எடுத்ததால், மழை மேல்மண்ணைக் கழுவி ஆற்றில் சேர்த்தது. அந்தச் சேதம் செடியில் தெரியப் பல ஆண்டுகள் ஆயின.

மலையகத்தின் மேற்குச் சரிவில் இந்த மண்ணரிப்பின் கடுமை அதிகம். வட்டவளை, கினிகத்தேனைப் பகுதி ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவுக்கு மழை பெறுவது. அங்கிருந்து களனி ஆற்றை நோக்கித் தாழும் பள்ளத்தாக்கில், லக்சபான நீர்மின் தொகுதியைச் சேர்ந்த மின்நிலையம் உள்ள பொல்பிட்டிய இருக்கிறது. சிங்களத்தில் பொல் என்றால் தேங்காய். ஊர்ப் பெயரே அது நுவரெலியாவின் குளிர்மலை அல்ல என்று சொல்லிவிடுகிறது. தாழ்ந்த, வெப்பமான இடத்தில் செடி விரைந்து வளரும். வேரில் சேமிப்பதோ குறைவு. ஆகவே ஒரே கவ்வாத்து முறை எல்லா மலைக்கும் பொருந்தாது.

தேயிலையை அறிவியலாக ஆராய 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது; பின்னர் அது தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. அதன் முதல் பணிப்பாளரான தோமஸ் பெட்ச், தேயிலை நோய்கள் பற்றி 1923இலேயே நூல் எழுதியவர். கவ்வாத்தில் உயிர் பிழைப்பதும் சாவதும் வேரில் சேர்ந்திருக்கும் மாச்சத்தைப் பொறுத்தவை என்பதே தேயிலை ஆய்வு உறுதிசெய்த அடிப்படை. இலை முழுவதையும் இழந்த செடி, புது இலை விரியும்வரை வேரின் இருப்பைத்தான் உண்ணும். எனவே வெட்டுமுன் சில வாரங்கள் கொழுந்து எடுக்காமல் செடிக்கு ஓய்வு தர வேண்டும். வேர்த்துண்டு ஒன்றை வெட்டி அயடீன் கரைசலில் நனைத்தால், மாச்சத்து இருந்தால் கருநீலமாகும். வேர் நிறம் மாறாத தேயிலை மலையில் கத்தி வைக்கக் கூடாது.

உயர்மலையில் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறையும், தாழ்நிலத்தில் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் கவ்வாத்து வரும். உயரத்தில் செடியை ஒரே மட்டமாக வெட்டிவிடலாம். பொல்பிட்டிய போன்ற தாழ்ந்த பகுதிகளுக்கு, விளிம்பில் சில கிளைகளை இலையோடு விட்டு வெட்டும் முறை ஏற்றது. புதுத்துளிர் வரும்வரை செடிக்கு உணவு ஊட்டுபவை அந்தக் கிளைகளே. கவ்வாத்துக் கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். வெட்டு சரிந்து, பட்டை கிழியாமல் அமைய வேண்டும். பட்ட கிளைகளைக் களைந்து, தண்டில் படர்ந்த பாசியைச் சுரண்டி, வெயில் சுடாதபடி வெட்டிய கொப்புகளையே செடியின்மேல் பரப்புவர். முள்ளுக்குத்தி மண்ணை இளக்கி, டொலமைட் இட்டு, வெற்றிடங்களில் தவறணைக் (நாற்றங்கால்) கன்றுகளை நடுவர். புதுத்தளிர் உயர்ந்ததும் ஒரே மட்டத்தில் கிள்ளினால் செடி மீண்டும் மேசைபோல் விரியும். கவ்வாத்து பெரும்பாலும் ஆண்களின் வேலை. மட்டக்கம்பு வைத்து அந்த மேசையைக் காத்துக் கொழுந்தெடுத்தவர்கள் பெண்கள்.

கத்தியால் மட்டும் தீராத பூச்சிகளும் நோய்களும் வந்தன. 1890களில் நாவலப்பிட்டிப் பகுதியில் கண்டறியப்பட்ட துளைவண்டு, கிளையைக் குடைந்து உள்ளே பூஞ்சணம் வளர்த்து உண்பது. குடைந்த இடத்தில் கிளை முறியும். அது நடுமலையிலும் தாழ்மலையிலும் பெருகியது. இலையைச் சுருட்டும் புழுவை அடக்க 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. பெரும் பலன் தந்தது. பின்னாளில் துளைவண்டுக்காக டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தபோது அந்தக் குளவியும் மடிந்து, புழு மீண்டும் தலைதூக்கியது. 1946இல் கொப்புள நோய் வந்தது. அது இளந்தளிரையே தாக்குவது என்பதால், செப்பு மருந்து தெளிப்பதோடு, கவ்வாத்துக்குப் பிந்திய துளிர் கடும் மழைக்காலத்தில் வராதபடி வெட்டும் மாதத்தைத் தேர்வதும் அவசியமாயிற்று.

மீட்க இயலாத செடிகளுக்கு 1950களின் இறுதியில் மறுநடுகை மானியம் தொடங்கியது. முதிய செடிகளை வேரோடு அகற்றி, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றி, தண்டுத் துண்டுகளிலிருந்து வளர்த்த ஒரே குணமுள்ள கன்றுகளைச் சரிவுக்குக் குறுக்காக நட்டனர். செலவும் காத்திருப்பும் அதிகம் என்பதால் பல மலைகள் பழைய விதைத் தேயிலையோடே நின்றன. நூறாண்டு கடந்த செடிகள் இன்றும் கொழுந்து தருகின்றன.

இந்த அறிவு கையில் இருந்தவர்கள் தோட்டத்துத் தமிழர். இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியா செல்ல வேண்டியவர்களாகக் கணக்கிடப்பட்டனர். நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் அவர்களில் பலர் வேலை பெற்றனர். தலைமுறைகளாகப் பழகிய கைகள் அவ்வாறு மலையகத்தை விட்டுப் போயின. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டின் இறுதிக்குள் தடை தளர்ந்தது. ஆயினும் 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைச்சல் 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. பொருளாதார நெருக்கடியும் அதில் பங்குகொண்டது. பட்டினி கிடந்த செடி உரம் கண்டவுடன் நிமிர்ந்துவிடவில்லை. கோப்பியின் அழிவும், கழுவப்பட்ட மண்ணும், அயடீனில் நிறம் மாறாத வேரும் காட்டிய உண்மையும் அதுவே: செடி தளர்வது இலையில் தெரிந்தாலும், அது தேறுவது மண்ணிலிருந்தும் வேரிலிருந்தும், போதிய ஓய்வு கிடைத்த பிறகுதான்.