புஷ்கரிணியும் பாசிப் பந்தும்

திருமலைக்குச் செல்லும் அன்பர் பலர் சுவாமி புஷ்கரிணியில் நீராடிய பின்னரே ஆலயத்துள் புகுவர். ஆண்டில் ஏறத்தாழ ஒரு மாத காலம் மட்டும் அப்பேறு அவர்கட்குக் கிட்டுவதில்லை. பிரம்மோற்சவத்திற்கு முன்னர், பெரும்பாலும் ஆடி மாதத்தை ஒட்டி, குளத்து நீர் முழுவதும் இறைக்கப்படுகிறது. படிகள் தேய்த்துக் கழுவப்படுகின்றன. பின்னர்ப் புதுநீர் நிரப்பப்படுகிறது. நெடுந்தொலைவிலிருந்து வந்து, வற்றிய குளத்தைக் கண்டு மனம் வருந்துவோர் உண்டு. தேங்கிய நீரில் சேரும் அழுக்கும், அவ்வழுக்கை உண்டு கொழுக்கும் பாசியுமே இவ்வேற்பாட்டை வேண்டுவன என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மலையடிவாரத்துக் கபில தீர்த்தத்தில் மழைக்காலத்தில் அருவி வீழ்கிறது; ஓடும் நீரில் பாசி மிதந்து பெருக இடம் குறைவு. தேங்கும் நீரின் கதை வேறு. வெயில், நீரில் கரைந்த உரச்சத்து, அசையா நிலை ஆகிய மூன்றும் ஒருங்கு கூடினால், தெளிந்த குளம் சில நாட்களிலேயே பச்சைக் குழம்பாகிவிடும். புண்ணியம் கருதி மீன்களுக்கு நாம் அள்ளி வீசும் பொரியும் இறுதியில் அவ்வுரச்சத்தாகவே மாறுகிறது!

இதே கதைதான் இன்று திருப்பதியிலும் சித்தூரிலும் வீட்டுக் கூடங்களில் வைக்கப்படும் கண்ணாடித் தொட்டிகளிலும் சிறிய அளவில் நிகழ்கிறது. இதன் வரலாறு சுவையானது. இலண்டன் நகரில் ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர், 1849-ஆம் ஆண்டில், 12 காலன் கொள்ளும் பாத்திரமொன்றில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் இட்டு வைத்தார். நாடாப் போன்ற இலைகளையுடைய அச்செடி நம் நாட்டு ஏரிகளிலும் வளர்வதே. செடி விடும் உயிர்வாயுவை மீன் நுகரும். மீனின் கழிவைச் செடி உண்ணும். ஆகவே நீரை மாற்றாமலே இரண்டும் வாழும் என்பது அவர் கருத்து. ஆனால் அழுகிய இலைகளும் வழவழப்பான பாசியும் சேர்ந்து நீரைக் கெடுத்துவிட்டன. அவர் சோர்ந்தாரில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார், நத்தைகள் பாசியை மேய்ந்தன, நீர் தெளிந்தது. செடித்தொட்டி வளர்க்கும் கலை பாசியோடு தொடுத்த முதற்போரில் நத்தையால் வென்றது என்று சொன்னால் பிழையில்லை. 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் பொதுமக்கள் காணும் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-இல் அத்தகைய காட்சியகம் ஒன்று எழுந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது.

சித்தூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த அக்காலத்தில், பாசியைப் பகையாகக் கருதாது அறிவுப் பொருளாக நோக்கியவர்களும் சென்னையில் இருந்தனர். அவருள் தலையாயவர் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886 - 1963). குளம், குட்டை, ஈரமண் என எங்கும் பாசியைத் தேடிய அவரை இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றுவர். 1940-இல் எஸ். வி. கணபதி என்பார் ஒரு கோயில் குளத்தில் நிலையாகப் படர்ந்திருந்த மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியைப் பற்றிக் கட்டுரை வரைந்தார். இவ்வினத்தை இன்றைய அறிவியல் பாக்டீரியாக்களோடு சேர்த்து எண்ணுகிறது. இவற்றுள் சில நஞ்சை உண்டாக்குவன. அந்நீரைக் கால்நடைகள் பருகுவது ஆபத்து.

இனிப் பாசிப் பந்துக்கு வருவோம். தொட்டி வைத்திருப்போர் கண்ணாடியில் படர்ந்த பாசியைச் சுரண்டி எறிகின்றனர். கடைக்குச் சென்று பச்சை உருண்டை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வருகின்றனர். அவ்வுருண்டையும் பாசியே! அது தரையில் வளரும் பாசம் அன்று. நூலிழை போன்ற பச்சைப் பாசி, ஏரியின் அடியில் அலைகளால் உருட்டப்பட்டு உருண்டை வடிவம் பெற்றது. 1820-களில் ஆஸ்திரியா நாட்டுச் செல் ஏரியில் அன்டன் சௌட்டர் இதனைக் கண்டறிந்தார். ஜப்பானிய மொழியில் இதன் பெயர் மாரிமோ. ஹொக்கைடோத் தீவின் அகான் ஏரியில் 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பந்துகளும் உண்டு. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் உயிர் அவ்வளவு பெருக எத்தனை காலம் ஆகியிருக்கும்! ஜப்பான் அரசு 1921-இல் இதனை இயற்கைச் சின்னமாகவும், 1952-இல் தனிச் சிறப்புச் சின்னமாகவும் அறிவித்தது.

இங்கே ஒரு விந்தை. கழிவும் உரச்சத்தும் மிகுந்தால் ஏனைய பாசிகள் பெருகும். பாசிப் பந்தோ ஒளி கிட்டாது அழியும். சௌட்டர் கண்ட செல் ஏரியில் இன்று அப்பந்துகள் இல்லை. ஐஸ்லாந்தின் மீவாட்ன் ஏரியிலும் அவை மறைந்துபோயின. ஆகவே பாசிப் பந்தைக் காப்பதும் வேண்டாத பாசியை அடக்குவதும் ஒரே வேலையின் இரு பக்கங்கள்.

நான் சித்தூரில் முதன்முதல் தொட்டி வைத்தபோது அழகு கருதிக் கிழக்குச் சன்னலருகே வைத்தேன். பங்குனி பிறக்குமுன் உள்ளே மீன் இருக்கிறதா இல்லையா என்று விருந்தினர் வினவும் நிலை வந்தது. ஒரு நாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து நின்றன. இரவில் பாசியும் உயிர்வாயுவை நுகரும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். தொட்டியை உள்ளறைக்கு மாற்றினேன். நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரமே விளக்கு. வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீர் மாற்றம். மீன்கள் இரண்டொரு நிமிடத்தில் உண்டு தீர்க்கும் அளவே இரை. குழாய் நீரில் குளோரின் இருக்குமாதலால் அதனை நீக்கிய பின்னரே ஊற்றுதல் வேண்டும். ஒரு மாதத்தில் நீர் தெளிந்தது.

நம் பக்கத்துக் கோடை வேறொரு தொல்லை. அகான் ஏரி குளிர்காலத்தில் உறைந்துவிடும். அத்தகைய இடத்துப் பாசிக்குச் சித்திரை வெயில் பொருந்துமா? பந்து பழுப்பேறினால் வெப்பத்தையோ மிகுந்த ஒளியையோ ஐயுற வேண்டும். கோடையில் என் பந்தைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஈரமணல் மேல் வைத்த மண்பானை நீரில் இட்டு, நிழலில் வைப்பது வழக்கம். இரு வாரத்திற்கொருமுறை சுத்த நீரில் மெல்லப் பிழிந்து, உள்ளங்கையில் உருட்டி மீண்டும் இடுவேன். ஏரியில் அலை செய்யும் வேலையை இங்கே கை செய்கிறது.

வாங்குவோர் ஒன்று அறிதல் நலம். கல்லில் வேறு பாசத்தைச் சுற்றிக் கட்டி இப்பெயரால் விற்பதும் உண்டு. மெய்யான பந்திலும் தீங்கு ஒளிந்து வரலாம். 2021-இல் அமெரிக்க நாட்டுக் கடைகளில் விற்ற பந்துகளில் வரிச்சிப்பி என்னும் அயல்நாட்டுச் சிப்பி காணப்பட்டது. நீர்க்குழாய்களை அடைத்து, ஏரிகளைப் பாழாக்கும் உயிர் அது. அப்பந்துகளை உறையவைத்தோ கொதிக்கவைத்தோ அழித்துவிடுமாறு அரசினர் மக்களைக் கேட்டுக்கொண்டனர். பழைய தொட்டி நீரையும் செடியையும் ஏரியிலோ கோயில் குளத்திலோ கொட்டுவோர் நம்மிடையேயும் உளர். நான் அந்நீரை வாசலிலுள்ள செம்பருத்திக்கு ஊற்றுகிறேன். அதிலுள்ள உரச்சத்து அதற்கு நன்றாகவே பிடித்திருக்கிறது.