மணியம்மைக்கு ஒரு லெவல்

பொங்கல் லீவுக்கு வந்திருந்த அக்கா மகள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “சித்தி, கேம்ல வர்ற மாதிரி பொம்பளைங்க நம்ம ஊர்ப் பக்கம் யாராச்சும் இருந்தாங்களா?”

வெளியே சம்பா அறுப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி எனக்கும் பழசு.

பள்ளிக்கூட நாட்களில் மன்னார்குடியில் ஒரு பிரவுசிங் சென்டர். பையன்கள் எழுந்து போன பிறகு கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துதான் லாரா கிராஃப்டைப் பார்த்தேன். 1996ல் ‘டூம் ரைடர்’ வழியாக வந்தவள். தாவுவாள், சுடுவாள், யாரிடமும் பெர்மிஷன் கேட்க மாட்டாள். அப்போது எனக்கு அது போதுமாக இருந்தது. பிறகுதான் ஒன்று உறைத்தது. 1998ல் வந்த மூன்றாம் பாகம் இந்தியக் காட்டில் தொடங்குகிறது. இடிந்த கோயில், புலி, குரங்கு எல்லாம் உண்டு. அவள் வருவதோ ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போக. இடம் நம்முடையது, நாயகி வெளியூர்க்காரி.

அவளுக்குப் பத்து வருடம் மூத்தவள் சாமஸ் ஆரன். 1986ல் நின்டெண்டோ வெளியிட்ட ‘மெட்ராய்டு’ விளையாட்டின் நாயகி. கவசத்துக்குள் இருப்பது ஆண் என்றே ஆங்கிலக் கையேடு சொன்னது. ஆட்டத்தை வேகமாக முடித்தவர்களுக்கு மட்டும் கடைசியில் ஹெல்மெட் கழலும். உள்ளே ஒரு பெண். பரிசாகக் கொடுக்கும் அளவுக்குப் பெண் நாயகி அன்று ஆச்சரியமாக இருந்திருக்கிறாள்.

கவசமே போடாத ஒருத்தி அதற்கும் முன்பே எங்கள் டெல்டாவில் இருந்தாள். அக்கா மகளிடம் அந்தப் பெயரைச் சொன்னேன்: மணலூர் மணியம்மை.

பிராமணக் குடும்பம். இளம் வயதிலேயே விதவை. மூலையில் உட்கார் என்று ஊர் சொன்னது. அவர் முடியை கிராப் வெட்டிக்கொண்டார், வேட்டி சட்டை போட்டார், சைக்கிள் பழகினார், சிலம்பம் கற்றார். முதலில் காங்கிரஸ், பிறகு கம்யூனிஸ்ட் கட்சி. அன்றைய கீழத்தஞ்சையில் பண்ணையாள் தவறு செய்ததாக மிராசுதார் நினைத்தால் சவுக்கடி விழும், சாணிப்பால் புகட்டுவார்கள். கூலியை நெல்லாக அளக்கும் மரக்காலும் அவர்கள் கையில்தான். மணியம்மை அந்தப் பண்ணையாட்களின் குடிசைகளுக்குப் போனார், அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். சாமஸின் கவசம் அவளை மறைத்தது. மணியம்மையின் வேட்டி சட்டை எதையும் மறைக்கவில்லை. வருவது ஒரு பெண், அதுவும் அக்கிரகாரத்து விதவை என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கு இருந்த ஆபத்தும் அதுதான், பலமும் அதுதான்.

போராட்டங்களின் அழுத்தத்தில் 1952ல் தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த வருடமே, 1953ல், கொம்பு மான் ஒன்று முட்டி மணியம்மை இறந்துபோனார். அது தற்செயல்தானா என்ற பேச்சு இன்றுவரை அடங்கவில்லை.

“இதெல்லாம் எப்படி சித்தி கேம் ஆகும்? சுடவே இல்லியே?” என்றாள்.

‘வெண்பா’வைக் காட்டினேன். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023ல் வெளியிட்டது. 1988ல் கனடாவில் குடியேறியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண்தான் நாயகி. துப்பாக்கி கிடையாது. அம்மாவின் சமையல் நோட்டு கிழிந்தும் மை அழிந்தும் கிடக்கும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதுகூட நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியது. விட்டுப்போன வரிகளை நிரப்புவதுதான் ஆட்டம். 2024ல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குத்தான் கிடைத்தது.

மணியம்மையின் கதையிலும் இப்படி விட்டுப்போன வரிகள் நிறைய. ராஜம் கிருஷ்ணன் டெல்டாவுக்கு வந்து, அவரை அறிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலை எழுதினார். அது வராமல் போயிருந்தால் என் தலைமுறையில் பலருக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது. ஒரு பெண் நாயகியாவதற்கு அவள் வாழ்ந்தது மட்டும் போதவில்லை. அழிந்த வரியைத் தேடிப் போக இன்னொருத்தி வேண்டியிருக்கிறது.

அக்கா மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பாஸ் யாரு, மிராசுதாரா?” என்றாள்.

“மரக்கால்” என்றேன்.

சிரித்துக்கொண்டே ரஃப் நோட்டை எடுத்து எழுதினாள்: லெவல் 1, சைக்கிள் பழகணும்.