அரசு இணையதளத்தில் ஒரு தேதி மாறுவதற்குப் பின்னால் யார் யார்? உள்ளடக்கக் குழுக்கள் வேலை செய்யும் விதம்

2021 ஜூன் முதல் வாரம். கொரோனா இரண்டாம் அலை இன்னும் முழுதாக அடங்கவில்லை. 18 முதல் 44 வயதுக்காரர்களுக்குத் தடுப்பூசி பெரும்பாலும் கோவின் தளத்தின் முன்பதிவு வழியாகத்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. ஆங்கிலம் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள், பார்வையற்றவர்கள் இந்தத் தளத்தை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று மே 31 தேதியிட்ட உத்தரவில் உச்ச நீதிமன்றம் கேட்டிருந்தது. சில நாட்களில் இந்தி, தெலுங்கு, மலையாளம், கன்னடம், வங்காளம் எனப் பல மொழிகளில் கோவின் வந்தது. மொழிப் பட்டியலைத் திறந்து பார்த்தால் தமிழைக் காணோம்.

தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. மாநில அரசு மத்திய அரசிடம் பேசியது. அடுத்த சில நாட்களில் தமிழும் சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தளம் முடங்கவில்லை, சர்வர் படுக்கவில்லை. எந்த மொழி எந்தத் தேதியில் வெளியாகும், வெளியிடும் முன் யார் சரிபார்ப்பார், விடுபட்டால் யார் பதில் சொல்வார் என்பதெல்லாம் மென்பொருள் சார்ந்த கேள்விகள் அல்ல. அது உள்ளடக்கத்தை உரிய நேரத்தில், உரிய ஆளிடம் கொண்டு சேர்க்கும் வேலை. எல்லா அரசுத் தளத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் இதைச் செய்தாக வேண்டும். அந்த ஒருவர் யார்?

தளம் ஒருவருடையது, தகவல் இன்னொருவருடையது

அரசு இணையதளம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது என்.ஐ.சி., அதாவது தேசிய தகவலியல் மையம். 1976-ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்புதான் மத்திய, மாநில அரசுகளின் ஏராளமான தளங்களை உருவாக்கிப் பராமரிக்கிறது. மாவட்ட இணையதளங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். என்.ஐ.சி. தரும் ஒரே தளக் கட்டமைப்பில் அவை இயங்குவதுதான் காரணம்.

ஆனால் அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு என்.ஐ.சி. பொறுப்பல்ல. அது அந்தந்தத் துறையின் பொறுப்பு. ஓய்வூதியத் தொகை தவறாக இருந்தால் தளத்தைக் கட்டியவரைக் கேட்டுப் பயனில்லை. வீடு கட்டிய கொத்தனாரிடம் போய், உள்ளே குடியிருப்பவர் ஏன் வாடகை கட்டலை என்று கேட்பது மாதிரிதான்.

இதற்காகவே 'இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள்' 2009-ல் வந்தன. 2018-லும் 2023-லும் திருத்தப்பட்டன. ஒவ்வொரு தளத்துக்கும் இணையத் தகவல் மேலாளர் ஒருவர் இருக்க வேண்டும், அவரைத் தொடர்புகொள்ளும் விவரம் தளத்திலேயே இருக்க வேண்டும் என்கின்றன அவை. தகவலைத் தருபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர் யார் யார் என்றும் துறை முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும். பழைய பக்கங்களை எப்போது மறுபரிசீலனை செய்வது, எப்போது ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவது என்பதற்கும் தனித்தனிக் கொள்கை தேவை.

ஏட்டளவில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், இந்த மேலாளர் பொறுப்பு பெரும்பாலும் வேறொரு நாற்காலியில் இருக்கும் அதிகாரிக்கு கூடுதல் வேலையாகப் போய்ச் சேருகிறது. அவருடைய மேஜையில் நாடாளுமன்றக் கேள்விக்கான பதில் கோப்பு ஒரு பக்கம், நீதிமன்ற வழக்குக் கோப்பு ஒரு பக்கம். இணையதளம் மூன்றாவது. எழுதுபவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் பல இடங்களில் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஆட்களும் போய்விடுவார்கள், எந்தப் பக்கத்தை ஏன் அப்படி எழுதினோம் என்ற நினைவும் அவர்களோடு போய்விடும்.

ஒரே ஒரு தேதி

இந்த வேலை எவ்வளவு சிக்கலானது என்று புரிய ஆதார் ஆவணப் புதுப்பிப்பை எடுத்துக்கொள்வோம். ஆதார் பதிவு செய்து 10 ஆண்டுகள் ஆனவர்கள் தங்கள் அடையாள, முகவரி ஆவணங்களைப் புதுப்பிக்கச் சொன்னது ஆதார் ஆணையம். 2023 மார்ச் 15 முதல் ஜூன் 14 வரை ஆன்லைனில் செய்தால் கட்டணம் கிடையாது என்றது.

பிறகு அந்தக் கெடு செப்டம்பர் 14 ஆனது. அடுத்து டிசம்பர் 14. அப்புறம் 2024 மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். அதன்பின் 2025 ஜூன் 14. அதுவும் 2026 ஜூன் 14 ஆனது.

மாறியது ஒரு தேதிதான். ஆனால் அது எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முகப்புப் பக்கப் பட்டை, கேள்வி பதில் பகுதி, ஆவணம் ஏற்றும் பக்கம், 1947 உதவி எண்ணில் பேசுபவரின் கையில் உள்ள குறிப்பு, சமூக ஊடகப் படம், மையத்தின் சுவரில் ஒட்டிய போஸ்டர், இவை ஒவ்வொன்றின் பிற மொழி வடிவங்கள். இதுபோக வங்கிகளும் மாநிலத் துறைகளும் நம்மைப் போன்ற செய்தித் தளங்களும் எடுத்துப் போட்ட பிரதிகள் தனி.

உள்ளடக்கக் குழுவை வழிநடத்துபவரின் முதல் வேலை இந்தப் பட்டியலைக் கையில் வைத்திருப்பது. எழுத்தாளர், மொழிபெயர்ப்பாளர், வடிவமைப்பாளர், தொழில்நுட்ப ஆள், துறை அதிகாரி என்று எல்லோரும் அவரவர் வேலையைச் செய்வார்கள். எந்தத் தகவல் எந்தெந்த இடத்தில் இருக்கிறது, மாறினால் எது முதலில் மாற வேண்டும், எதற்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதை ஒரே இடத்தில் பார்ப்பவர் அவர் மட்டும்தான். கெடு நீட்டிப்பு பெரும்பாலும் கடைசி நாட்களில்தான் முடிவாகும். ஆகவே நீட்டித்தால் ஒரு வாசகம், நீட்டிக்காவிட்டால் இன்னொரு வாசகம் என இரண்டுக்கும் ஒப்புதல் வாங்கி, மொழிபெயர்த்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு அறிவிப்பு வந்த பிறகு மொழிபெயர்ப்பாளரைத் தேடினால், ஆங்கிலத்தில் புதிய தேதியும் தமிழில் பழைய தேதியுமாகத்தான் பொழுது விடியும்.

தேதியைவிட முக்கியமானது நிபந்தனை. இந்தச் சலுகை ஆவணங்களுக்கு மட்டும், ஆன்லைனில் மட்டும், குறிப்பிட்ட நாள் வரை மட்டும். மூன்று 'மட்டும்'. 'ஆதார் அப்டேட் இலவசம்' என்று சுருக்கினால் மூன்றுமே காணாமல் போய்விடும். கைரேகையைப் புதுப்பிக்க மையத்துக்குப் போனவர் அங்கே கட்டணம் கேட்டதும் சண்டைக்கு நிற்பார். இன்னொரு பக்கம், கெடு முடிந்தால் ஆதாரே செல்லாது என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடும். முடிவது இலவச வசதி மட்டும்தான், ஆதார் எண் அல்ல என்ற ஒரு வரி தேதிக்குப் பக்கத்திலேயே இருந்தால் பாதி வதந்தி அடங்கிவிடும். அதை எழுத வேண்டும் என்று தோன்றுவதற்கு, உதவி எண்ணுக்கு மக்கள் என்ன கேட்டு அழைக்கிறார்கள் என்பது உள்ளடக்கக் குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழில் வரவேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?

நேரடியாகச் சொல்லவில்லை. 1963 ஆட்சிமொழிச் சட்டத்தின்படி மத்திய அரசின் முக்கிய ஆவணங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வர வேண்டும். அதன் கீழ் வந்த 1976 விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது என்று அந்த விதிகளே சொல்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு, தாமாக வெளியிடும் தகவல்களை உள்ளூர் மொழியையும் செலவையும் கருத்தில் கொண்டு மக்களுக்குச் சேர்க்கச் சொல்கிறது. அந்தச் 'செலவு' என்ற சொல்லுக்குள் நிறைய மொழிபெயர்ப்புகள் புதைந்துபோயிருக்கின்றன.

2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. நாடு முழுவதும் கருத்துக் கேட்ட அந்த வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எல்லா மொழிகளிலும் அதை மொழிபெயர்த்து இணையதளங்களில் வெளியிடுமாறு அந்த ஆண்டு ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கருத்துச் சொல்லும் கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. மத்திய அரசு இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு மொழிபெயர்ப்பு வேலை, கடைசியில் வழக்காகிவிட்டது.

இப்போது இயந்திர மொழிபெயர்ப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். 2022 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய பாஷிணி அதற்காகத்தான். அது தேவையான கருவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் எதை இயந்திரத்திடம் விடலாம், எதை மனிதர் பார்த்தே ஆக வேண்டும் என்று பிரிப்பது குழுத் தலைவரின் பொறுப்பு. விழாச் செய்தியை இயந்திரம் மொழிபெயர்த்தால் மோசமில்லை. தகுதி நிபந்தனை அப்படியல்ல. '60 வயதுக்கு மேல்' என்று எழுதினால், சரியாக 60 ஆனவர் சேர்வாரா, மாட்டாரா? '60 வயது நிறைந்தவர்கள்' என்றால் குழப்பமில்லை. 'செய்யலாம்', 'செய்ய வேண்டும்' என்ற இரண்டும் இடம் மாறினால் விருப்பமாக இருந்தது கட்டாயமாகிவிடும். இந்த ஒரு சொல்லை நம்பி ஒரு பாட்டி பஸ் ஏறி தாலுகா ஆபீஸ் வரை போய் வெறுங்கையோடு திரும்புவார்.

படமாக ஸ்கேன் செய்யப்பட்ட பி.டி.எஃப்.

அரசாணை கையெழுத்தாகிறது. அதை ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். 'அப்லோடு பண்ணியாச்சு' என்று கோப்பில் குறிப்பும் எழுதியாகிவிட்டது. ஆனால் பார்வையற்றவரின் கணினியில் இருக்கும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அது வெறும் படம், ஒரு எழுத்தும் கேட்காது. தமிழில் இன்னொரு தலைவலியும் உண்டு. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆவணங்கள் தேடலில் சிக்காது, நகலெடுத்து ஒட்டினால் எழுத்துகள் சிதறிப்போகும்.

இதையெல்லாம் வசதிக்குறைவு என்று ஒதுக்க இனி முடியாது. அணுகல்தன்மைத் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாய விதிகளாக இருக்க வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் அணுகல் என்பது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்கள், பார்வையற்றவர்கள் போன்றோர் கேமரா முன் கண் சிமிட்டிக் காட்டும் கே.ஒய்.சி. முறையில் சிக்கிக்கொண்ட பிரச்னைதான் அந்த வழக்கு.

டெம்ப்ளேட் மாறினால் போதுமா?

பிரிட்டன் 2012 அக்டோபரில், சிதறிக் கிடந்த துறைத் தளங்களை ஒரே தளத்தின் கீழ் கொண்டுவரத் தொடங்கியது. அங்கே பக்கத்தை எழுதுபவருக்கு 'உள்ளடக்க வடிவமைப்பாளர்' என்று தனிப் பதவி, வேலையை நடத்திக் கொடுக்கும் மேலாளருக்குத் தனிப் பதவி, இரண்டுக்கும் வரையறுத்த திறன்களும் பதவி உயர்வும் உண்டு. பயனாளிக்குத் தேவை இல்லாத பக்கத்தை எழுத மறுக்கும் துணிச்சல் அந்தக் குழுவுக்கு இருந்தது என்பதுதான் அதன் பலம் என்று நினைக்கிறேன்.

இந்தியாவிலும் முயற்சிகள் நடக்கின்றன. திட்டங்களை ஒரே இடத்தில் தேட 2022 ஜூலையில் மைஸ்கீம் வந்தது. மத்திய அரசின் தளங்களுக்கு ஒரே தோற்றம் தரும் டிஜிட்டல் அடையாளக் கையேடு 2025 பிப்ரவரியில் வெளியானது. நிறமும் எழுத்துருவும் ஒன்றானால் போலித் தளத்தை அடையாளம் காண்பது கொஞ்சம் எளிதாகும். ஆனால் டெம்ப்ளேட் தானாகக் கெடு தேதியை மாற்றாது. 28 மாநிலங்கள், 22 அட்டவணை மொழிகள், மத்திய அரசும் மாநிலமும் பணத்தைப் பகிர்ந்துகொள்ளும் திட்டங்கள் என்று இருக்கும் நாட்டில், பிரிட்டன் மாதிரியை அப்படியே தூக்கி வைக்கவும் முடியாது. துறைக்கு ஒருவராவது முழுநேரமாக, 'இந்தப் பக்கம் தவறு, எடுத்துவிடுங்கள்' என்று சொல்லும் அதிகாரத்தோடு இருந்தாலே பெரிய மாற்றம்.

பக்கத்தில் தவறு இருந்தால் நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் முகவரியைப் பாருங்கள். அரசுத் தளங்கள் பெரும்பாலும் 'ஜிஓவி டாட் இன்' அல்லது 'என்ஐசி டாட் இன்' என்றுதான் முடியும். அடியில் உள்ள 'கடைசியாகப் புதுப்பித்த நாள்' என்பதை மட்டும் நம்பாதீர்கள். பல தளங்களில் அது தளம் முழுவதற்குமான தேதி. வேறெங்கோ ஒரு புகைப்படம் மாறினாலும் அது மாறிவிடும்.

தவறு தெரிந்தால் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தளத்தின் அடியில் உள்ள இணையத் தகவல் மேலாளருக்கு எழுதுங்கள். பதில் இல்லையென்றால் மத்திய அரசுத் துறைகளுக்கு சி.பி.கிராம்ஸ் தளத்தில் புகார் செய்யலாம். 2024 ஆகஸ்டில் வந்த நெறிமுறைப்படி அங்கே 21 நாட்களுக்குள் தீர்வு காண வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு இருக்கிறது. 'இந்தப் பக்கத்துக்கு ஒப்புதல் தந்த அதிகாரியின் பதவி என்ன, கடைசியாக மறுபரிசீலனை செய்த நாள் எது' என்று இரண்டே கேள்வி போதும். பதில் தர 30 நாள் அவகாசம். பல நேரங்களில் பதில் வருவதற்குள் பக்கம் திருந்திவிடும்.