மருந்து பூசிய பலூன் சிகிச்சைக்குப் பின் இதயத் தமனி ஆறுதல்

மருந்து பூசிய பலூன் என்பது கொழுப்புப் படிவால் குறுகிய இதயத் தமனியை விரித்து, அதே வேளையில் தமனிச் சுவரில் மருந்தைச் சேர்க்கும் கருவியாகும். பலூன் வழக்கமாக 30 முதல் 60 நொடிகள் வரை விரித்து வைக்கப்பட்டுப் பின் வெளியே எடுக்கப்படுகிறது. ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழாயைப் போல் எதுவும் உள்ளே தங்குவதில்லை. எனவே சிகிச்சையின் பலன், அடுத்து வரும் மாதங்களில் தமனி எவ்வாறு ஆறுகிறது என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.

பலூனால் ஏற்படும் காயம்

இதயத் தமனியைப் பலூனால் விரிக்கும் முறையை ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார். பலூன் விரியும்போது படிவு நசுங்குவதோடு நிற்பதில்லை; அது பிளக்கிறது, தமனியின் உள்ளுறையும் சில இடங்களில் நடுவுறையும் கிழிகின்றன. வழி அகலமாவதே இக்காயத்தால்தான்.

காயம் ஆறும் முறையில்தான் சிக்கல் எழுகிறது. விரிந்த சுவர் மீள்தன்மையால் சில நிமிடங்களிலேயே சற்றுச் சுருங்குகிறது. கிழிந்த இடத்தில் இரத்தத் தட்டுகள் ஒட்டி அழற்சி தோன்றுகிறது. அடுத்த வாரங்களில் நடுவுறையின் மென்தசை உயிரணுக்கள் பெருகி உள்நோக்கி நகர்ந்து புதிய திசுவை உருவாக்குகின்றன. இதனுடன், தழும்பு இறுகுவதுபோல் தமனி முழுவதுமே சுருங்குகிறது. வெறும் பலூன் சிகிச்சைக்குப் பின் வழி மீண்டும் குறுகியதற்குப் புதிய திசுவை விட இச்சுருக்கமே பெரிய காரணம் என்பது 1990களில் தமனியினுள் செலுத்தும் மீயொலிக் கருவியால் தெரியவந்தது. ஸ்டென்ட் இச்சுருக்கத்தைத் தடுத்தது. ஆனால் திசு வளர்ச்சியைக் கூட்டியது.

மருந்தின் பங்கு

பெரும்பாலான பலூன்களில் பாக்லிடாக்சல் என்னும் மருந்து பூசப்படுகிறது. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட இது, புற்றுநோய் மருந்தாக அறியப்பட்டது. உயிரணுக்களின் நுண்குழல்களை அசையாமல் இறுக்கி, அவை பிரிவதையும் நகர்வதையும் தடுக்கிறது. பூச்சின் பெரும்பகுதி இரத்தத்தோடு போய்விடுகிறது. சுவரில் ஏறும் சிறுபகுதி, கொழுப்பில் கரையும் தன்மையால் அங்கேயே தங்கி, திசுப் பெருக்கம் மிகும் வாரங்களில் செயல்படுகிறது. பின்னர் வந்த சில பலூன்களில் சிரோலிமசு பயன்படுகிறது.

ஜெர்மனியில் புரூனோ ஷெல்லர் குழுவினர் 52 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. ஸ்டென்ட்டினுள் மீண்டும் அடைப்பு ஏற்பட்டவர்கள் இவர்கள். ஆறு மாதங்களில் உள்விட்ட இழப்பு மருந்துப் பலூனில் சராசரியாக 0.03 மில்லிமீட்டர், வெறும் பலூனில் 0.74 மில்லிமீட்டர்.

பிந்தைய விரிவு

ஸ்டென்ட் இடப்படாத தமனியில் இதைவிட வியப்பான ஒன்று காணப்படுகிறது. சிகிச்சை முடிந்த அன்று இருந்ததை விடச் சில மாதங்கள் கழித்து வழி அகலமாக இருக்கிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் சுமார் மூன்றில் இரு பங்கினரிடம் இது காணப்பட்டது. தமனியின் புற எல்லை விரிவதும் படிவின் பரப்பு குறைவதும் மீயொலிப் படங்களில் பதிவாகியுள்ளன. உலோகக் கூடு இல்லாததால் தமனி இவ்வாறு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ள இடமுண்டு.

ஆகையால் அன்றைய இறுதிப் படத்தில் சிறு கிழிசல் தெரிவது தோல்வி ஆகாது. இரத்த ஓட்டத்தைத் தடுக்காத கிழிசல்களுள் பெரும்பாலானவை ஆறு மாதங்களுக்குள் மூடிக்கொள்கின்றன. ஓட்டம் தடைப்பட்டாலோ, 30 விழுக்காட்டுக்கு மேல் அடைப்பு எஞ்சினாலோ காத்திருப்பது ஆபத்து. அப்போது ஸ்டென்ட் தேவைப்படலாம். சுண்ணாம்பு மிகுந்த படிவில் மருந்து சரியாக ஏறாது என்பதால், முன்னதாகவே படிவை நன்கு விரித்து ஆயத்தம் செய்வது இச்சிகிச்சையில் பாதி வேலை எனலாம்.

ஒப்பீட்டு ஆய்வுகள்

3 மில்லிமீட்டருக்குக் குறைந்த தமனிகளில் 758 நோயாளிகளிடம் நடந்த பாசெல் ஆய்வு (2018), ஓராண்டு முடிவில் மருந்துப் பலூன் மருந்து ஸ்டென்ட்டுக்குக் குறைந்ததல்ல எனக் காட்டியது. ஆனால் தமனியின் அளவை வரையறுக்காமல், முன்பு சிகிச்சை பெறாத அடைப்புள்ள 2,272 பேரிடம் சீனாவில் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வில், ஈராண்டு முடிவில் பலூன் அந்த அளவை எட்டவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதயத் தமனிக்கான மருந்துப் பலூனுக்கு முதன்முறையாக அனுமதி அளித்தபோது, ஸ்டென்ட்டினுள் மீண்டும் ஏற்படும் அடைப்புக்கு மட்டுமே அளித்தது.