கதர்த் துணி சொன்ன கதை

துணி வியாபாரத்தில் நாற்பது வருடம் கழித்தவன் நான். பள்ளியிறுதியோடு படிப்பு முடிந்தது. மற்றதெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தது. எதிர்ப்பின், விடுதலையின் சின்னம் எது என்று என்னைக் கேட்டால், துணி என்றுதான் சொல்வேன். வியாபாரி புத்தி என்று வாசக அன்பர்கள் சிரிக்க வேண்டாம். நம் கதைகளையும் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் வரலாறும் அதையே சொல்கிறது.

1921 ஜூலை 31 அன்று, நாம் பிழைக்க வந்த இதே மும்பையின் பரேல் பகுதியில் காந்தியடிகள் அந்நியத் துணிக்குத் தீ மூட்டினார். செப்டம்பர் 22-இல் மதுரையில் சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். அதே ஆண்டில் இந்நகரின் கோஹினூர் பிலிம் கம்பெனி 'பக்த விதுரர்' என்ற படத்தை எடுத்தது. காஞ்சிபாய் ராத்தோட் இயக்கம். மகாபாரதக் கதைதான். ஆனால் விதுரராக வந்த துவாரகாதாஸ் சம்பத்தின் தலையில் காந்தி குல்லாய், உடம்பில் கதர்ச் சட்டை! கராச்சியிலும் சென்னை மாகாணத்திலும் படத்துக்குத் தடை விழுந்தது. இது ஊமைப்படம் என்பதைக் கவனிக்க வேண்டும். வெட்டி எறிய வசனம் ஏது? சர்க்கார் பயந்தது துணிக்கு.

காரணம் எளிது. எழுத்து படித்தவனுக்குத்தான் புரியும். உடுப்பு எல்லோருக்கும் புரியும். எவன் எந்தப் பக்கம் என்பது பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிடும். போதாக்குறைக்கு, லங்காஷயர் ஆலைகளின் வருமானத்திலும் அது கை வைத்தது.

எழுத்தாளர்கள் இதை நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள். ஆர்.கே. நாராயணின் 'சுவாமியும் நண்பர்களும்' நாவலில் (1935) சிறுவன் சுவாமிநாதன் தன் தொப்பியைக் கழற்றித் தீயில் வீசுகிறான். ராஜாராவின் 'காந்தபுரா'வில் (1938) மூர்த்தி என்ற இளைஞன் கிராமத்துக்கு ராட்டையைக் கொண்டுவருகிறான். போராட்டம் அங்கிருந்துதான் வளர்கிறது.

தமிழில் 'தியாகபூமி' (1939) முதலிடம் பெறும். கல்கியின் கதை, கே. சுப்பிரமணியம் இயக்கம். படக்காட்சிகளோடு ஆனந்த விகடனில் தொடராகவும் வந்தது. சாவித்திரி என்ற பெண், தன்னைக் கைவிட்ட புருஷனோடு வாழ மறுத்து, கடைசியில் தேசத்துக்காகச் சிறைக்குப் போகிறாள். வீட்டு விடுதலையையும் நாட்டு விடுதலையையும் ஒரே இழையில் நெய்த கதை எனலாம். சென்னையில் காங்கிரஸ் மந்திரிசபை இருந்தவரை படத்துக்குத் தொல்லையில்லை. 1939 அக்டோபரில் மந்திரிசபை விலகியது. 1940-இல் தடை வந்துவிட்டது.

சுதந்திரம் வந்தபின் என்ன ஆயிற்று? நாராயணின் 'மகாத்மாவுக்காகக் காத்திருத்தல்' (1955) நாவலில் ஸ்ரீராம் நூல் நூற்கப் பழகுகிறான். தேசபக்தியால் அல்ல, பாரதி என்ற பெண்ணின் மனதைப் பிடிக்க. சின்னம் இளகத் தொடங்கிவிட்டது. மணிவண்ணனின் 'அமைதிப்படை'க்கு (1994) வந்தால், அமாவாசை என்பவன் நாகராஜசோழனாக மாறி வெள்ளை வேட்டி சட்டையில் வருகிறான், அரங்கம் சிரிக்கிறது. ஒரு காலத்தில் போலீஸ்காரன் சந்தேகப்பட்ட உடுப்பை இப்போது ஜனங்கள் சந்தேகப்படுகிறார்கள்!

கடையிலும் இதே கதைதான். "அண்ணே, மந்திரி போடுற மாதிரி மொடமொடன்னு நிக்கிற வெள்ளைத் துணி இருக்கா?" என்று கேட்டு வருகிறார்கள். கதர் கேட்பவர் அபூர்வம். 2021 டிசம்பர் 30-இல் கொடி விதிகள் திருத்தப்பட்டு, பாலியெஸ்டரிலும் தேசியக் கொடி செய்யலாம் என்றாகிவிட்டது. மறு வருடம் அந்தக் கொடியை நானும்தான் விற்றேன். லாபம் வந்தது, மறைக்கவில்லை.

ஆகவே பழியை மந்திரிமேல் மட்டும் போடுவது நியாயமில்லை. உடுத்தினால் அடி விழும், சிறை உண்டு என்றிருந்த காலத்தில் கதர் ஒரு சின்னம். உடுத்துவதால் ஒரு நஷ்டமும் இல்லை என்றானபோது அது வெறும் உடுப்பு. நஷ்டத்துக்குத் துணிந்தவன் உடுத்தினால்தான் துணிக்கு மறுபடி பேச்சு வரும். லாப நஷ்டக் கணக்கு தெரிந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.